பாத்திரக்கடை வடிவு சைக்கிள் பழகியது

பந்தல்குடி பஜாரில், தூத்துக்குடி ரோட்டைப் பார்த்தாற்போல ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடை இருக்கிறது. லோடு லாரி போகும்போதெல்லாம் மேலே கட்டித் தொங்கவிட்ட தூக்குவாளிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுக்கும். கல்லாவில் உட்காருகிறவர் ராம்குமார். ஆனாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் அது அவருடைய மனைவி சண்முகவடிவு கடைதான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று பாத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கு அதில் பேர் வெட்டிக் கொடுப்பது அவள். கைக்கடக்கமான மெஷின், நுனியில் ஒரு ஊசி. சுவிட்சைப் போட்டால் கருவண்டு மாதிரி இரையும். குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, கேட்ட பேரைப் புள்ளி புள்ளியாக முத்துக்கோத்தது போல வெட்டிவிடுவாள். அருப்புக்கோட்டையிலேயே இதைவிடப் பெரிய கடைகள் இருந்தும் பேருக்காகவே இங்கே வருகிறவர்கள் உண்டு.

வடிவு பிறந்தது பாலவனத்தத்தில். அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். இரண்டு அண்ணன்மாரும் சைக்கிள் மிதித்து அருப்புக்கோட்டைக்குப் படிக்கப் போனார்கள். பத்தாவது முடித்ததும் வடிவும் அதைக் கேட்டாள். "சைக்கிள்ல போற பொம்பளப் புள்ளைய ரோட்ல போறவன் வாரவனெல்லாம் பாப்பான்" என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஒருநாள் யாரும் இல்லாத மத்தியானத்தில் அண்ணன் சைக்கிளை வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்க் குரங்குப்பெடல் போட்டுப் பார்த்தாள். பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்தது. கிழிசலைக் கண்டுபிடித்த அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். அதோடு சரி. பிறகு கல்யாணம். சரக்கு எடுக்க அருப்புக்கோட்டை போவதென்றாலும், கோயிலுக்குப் போவதென்றாலும், பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பதென்றாலும் ராம்குமாரின் டி.வி.எஸ் வண்டியின் பின்சீட்டுதான். அவருக்கு வேலை ஒழியும்போதுதான் அவளும் கிளம்ப முடியும். அவர் கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் முதலில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகியவர், அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, தீபா என்கிற தீபலட்சுமி. எட்டாவது படிக்கிறாள். பேச்சு திக்கும். சின்ன வயதில் அவ்வளவாகத் தெரியவில்லை. பெரிய பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னபோது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். பின்பெஞ்சில் யாரோ அதே மாதிரி இழுத்துச் சொல்ல, வகுப்பே சிரித்தது. அன்றையிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாயே திறப்பதில்லை. கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள், இல்லை அம்மாவைப் பார்ப்பாள். வீட்டில், அதுவும் அம்மாவிடம் மட்டும், பேசுவாள்.

போன கோடையில் ஒரு பெண் கடைக்கு வந்து, தூணில் ஒரு நோட்டீஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பேர் கிருஷ்ணப்ரியா. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். பெங்களூரில் வேலை பார்த்தபோது, மண்மேடுகளில் தாவி ஓட்டுகிற பி.எம்.எக்ஸ் சைக்கிள் ஓட்டப் பழகியிருக்கிறாள். இப்போது அங்கே இருக்கிற கூட்டாளிகள் கொடுத்த பழைய சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கண்மாய்க்குள் வைத்துச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாளாம். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

அவள் போனபிறகு தீபா அந்த நோட்டீஸுக்கு முன்னால் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"போகணுமா?" என்று கேட்டாள் வடிவு.

தீபா தலையை ஆட்டினாள்.

"வேணாம், வயசுக்கு வரப்போற புள்ள" என்றார் ராம்குமார், கல்லாவிலிருந்தே.

"பாத்துட்டு மட்டும் வாரோம்" என்றாள் வடிவு.

கண்மாய் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரைக்குக் கீழே கருவேலமுள்ளை வெட்டி ஒதுக்கிய இடத்தில் கரிசல் மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்து, இடித்து, ஒட்டகத்து முதுகு மாதிரி மேடுகள் போட்டிருந்தார்கள். சைக்கிள்களைப் பார்த்து வடிவுக்குச் சிரிப்பு வந்தது. சக்கரம் சிறிசு, டயர் தடிமன், சீட்டு முழங்காலுக்குக் கிட்ட. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல் இல்லை. "இதுல ஒரு கட்டப்பை கூட மாட்ட முடியாதே" என்றாள். ஆனால் அதே சைக்கிளில் கிருஷ்ணப்ரியா ஒரு மேட்டில் ஏறி, காற்றில் ஒரு நொடி நின்று, அடுத்த மேட்டின் சரிவில் இறங்கியபோது தீபா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

மறுவாரம் வடிவு அருப்புக்கோட்டையிலிருந்து மகளுக்குப் புது ஹெல்மெட் வாங்கி வரச் செய்திருந்தாள். கிருஷ்ணப்ரியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல ஹெல்மெட்டுக்கா. ஆனா இங்க ஒரு வழக்கம். ஹெல்மெட்டு எல்லாம் இந்தக் கூடையில போட்டுருவோம். யாரு மொறை வருதோ அவுக எடுத்து மாட்டிக்கிறது."

"பேன் கீன் ஒட்டிக்குமேன்னு பாத்தேன்" என்றாள் வடிவு.

"அதுக்குத்தான் உள்ள போட்டுக்கத் துணிக்குல்லா தச்சு வச்சிருக்கோம். ஆளுக்கொண்ணு."

பேன் காரணமில்லை என்று வடிவுக்குத் தெரியும். கிருஷ்ணப்ரியாவுக்கும் தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. அங்கே வந்திருந்த பிள்ளைகளில் நிலம் வைத்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், பஜார் பிள்ளைகளும் இருந்தார்கள், ரோட்டுக்கு அந்தப்பக்கம் காலனியிலிருந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். காலனிப் பிள்ளைகளுடைய அம்மாமார் கொஞ்சம் தள்ளி, கரைமேல் தனியாக நின்றிருந்தார்கள். அதில் குருவம்மாளை வடிவுக்குத் தெரியும். மில் வேலைக்குப் போகிறவள். கடையில் குடமும் வாளியும் எடுத்திருக்கிறாள். அவள் வந்தால் வடிவு பாத்திரத்தை மேசைமேல் வைப்பாள், அவள் எடுத்துக்கொள்வாள். கையில் கொடுத்ததில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. மாமியார் செய்ததைப் பார்த்து வந்த பழக்கம்.

வடிவு ஹெல்மெட்டைக் கூடையில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குருவம்மாள் மகள் முனீஸ்வரி அதை மாட்டிக்கொண்டு மேடேறினாள். அவள் ஓட்டி முடித்து இறங்கி, கழற்றி, தீபாவின் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே கொக்கியை மாட்டிவிட்டாள். தீபா முகம் சிரிப்பாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் மகளைத் தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் சொல்லவில்லை.

வாரம் ஆக ஆகத் தீபா மாறினாள். பேச்சு திக்காமல் போய்விடவில்லை. ஆனால் கண்மாய்க்குள் பேசினாள். சரிவில் வரும்போது "த-த-தள்ளு" என்று கத்துவாள், எல்லாரும் தள்ளி நிற்பார்கள். அவள் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை அங்கே யாரும் அவளுக்காக அதைச் சொல்லி முடிப்பதில்லை. அதையும் கிருஷ்ணப்ரியா ஒரு வழக்கமாகவே வைத்திருந்தாள்.

ஆனி மாதம் போல கிருஷ்ணப்ரியா இன்னொன்றை ஆரம்பித்தாள். கடைசி அரைமணி நேரம் அம்மாமாருக்கு. சொன்னதும் பெண்கள் எல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது தீபா, ஹெல்மெட் போட்ட தலையோடு, அத்தனை பேருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"அ-அ-அம்மா" என்றாள். நின்றது. கண்ணை மூடித் திறந்தாள். "நீ வா."

வெளியாட்கள் முன்னால் மகள் தன்னை அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. முடியாது என்று எப்படிச் சொல்வது? வடிவு எழுந்தாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அன்று உட்கார்ந்து மட்டும் பார்த்தாள். மறுவாரம், கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சுடிதார் போட்டாள். பஜாரைத் தாண்டிக் கண்மாய்க்கு நடந்து போவதற்குள் டீக்கடையில் நின்ற ஆள்களின் பார்வை முதுகில் ஊர்ந்தது. கண்மாய்க்குள் இறங்கியபிறகுதான் மூச்சு வந்தது. கிருஷ்ணப்ரியா ஒரு சைக்கிளின் பெடல்களைக் கழற்றி வைத்திருந்தாள். "மிதிக்கிற பேச்சே இப்ப வேணாம்கா. காலால தரைய உந்தி உந்திப் போங்க. காலு தரையில இருக்கையில எப்படி விழுவீக?" என்றாள். சிறுபிள்ளைகள் தவழ்வது போல வடிவு தரையை உந்தினாள். முனீஸ்வரியும் தீபாவும் இரண்டு பக்கமும் ஓடிவந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் உந்தல் நீளமாயிற்று, கால் தரையை விட்டு மேலே நிற்கும் நேரம் கூடிற்று. பெடலை மாட்டித் தந்த அன்று, வடிவு கண்மாயின் வெடிப்புத் தரையில் நேராகப் போய், பெரிய வட்டமாகத் திரும்பி, கூட்டம் நிற்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தாள். எப்படி வந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கரைமேல் நின்ற குருவம்மாள்தான் முதலில் கை தட்டினாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் வடிவு சொன்னாள். "என்னங்க, நான் சைக்கிள் விட்டேன்."

"ம்" என்றார் ராம்குமார். பிறகு, "பாத்து" என்றார்.

விழுந்தது ஆவணி முகூர்த்தங்களுக்குக் கொஞ்சம் முன்னால். யாரும் அவளை மேடேறச் சொல்லவில்லை. சமதரையில் சுற்றிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று அந்த முதல் மேடு, ரொம்பச் சின்ன மேடு, தீபாவே அலட்சியமாகத் தாண்டுகிற மேடு, ஏறிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஏறினாள். உச்சியில் வயிறு மேலே எழும்பியது. சிரித்தாள், அதுவும் நினைவிருக்கிறது. இறங்கும்போது பயத்தில் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்துவிட்டாள். சைக்கிள் நின்றது, அவள் நிற்கவில்லை. வலது கையை ஊன்றி விழுந்தாள். காய்ந்த சுள்ளியை ஒடித்தாற்போல ஒரு சத்தம்.

கரைமேல் நின்றவர்களில் யார் முதலில் ஓடிவந்தது என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. கண்ணைத் திறந்தபோது குருவம்மாள் அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. குருவம்மாள் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கைக்கு அணையாகக் கொடுத்து, வடிவின் துப்பட்டாவால் சுற்றிக் கழுத்தில் தூளி மாதிரி கட்டினாள். "மில்லுல ஒரு புள்ளைக்கு இப்படித்தான் ஆச்சு, இப்படித்தான் கட்டுனாக" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே கட்டினாள்.

கிருஷ்ணப்ரியாவின் ஸ்கூட்டியில் ஏற்றினார்கள். வடிவால் தனியாக உட்கார முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. குருவம்மாள் பின்னால் ஏறி அவளை நடுவில் வைத்து இடுப்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக 'முதலாளியம்மா' என்று கூப்பிடுகிறவள், அன்று வழியெல்லாம், "ஏத்தா, எம்மேல சாஞ்சுக்க. தூங்கிராத. வந்திருச்சு, அருப்புக்கோட்டை வந்திருச்சு பாரு" என்று பேசிக்கொண்டே வந்தாள். குண்டு குழியில் ஸ்கூட்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் வலி தலைவரை ஏறியது. அப்போதெல்லாம் அந்தப் பிடி இன்னும் இறுகியது. வடிவு அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்திருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ராம்குமார் வந்து சேர்ந்தபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வடிவுக்கு இருந்தது. வீட்டுக்கு வந்து, அவள் படுக்கத் தலையணை எடுத்துப் போட்டுவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார்.

முகூர்த்த மாசம். பேர் வெட்டுவதற்காகக் குடங்களும் தாம்பாளங்களும் அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தன. ராம்குமார் மெஷினை எடுத்துத் தானே வெட்டிப் பார்த்தார். 'கிருஷ்ணவேணி' என்பதில் ஒரு 'ஷ்' போட மறந்து, பெண்வீட்டார் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவருக்குள் அடைத்துக்கொண்டிருந்தது அன்று உடைந்தது.

"உனக்கு எதுக்கு வடிவு இது? அந்த வயசா உனக்கு? புள்ளைக்குக் கத்துக்குடுக்கப் போனவ நீ போயி விழுந்து கெடக்க. ஊரு பூரா சிரிக்குது."

ஊர் சிரித்தது உண்மைதான். ஆனால் சிரிப்போடு நிற்கவில்லை. "பெரிய பொம்பளைக்கே கை போச்சு, புள்ளைகளுக்குக் காலு போகும்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்த வேறொரு பேச்சும் வெளியே வந்தது. எல்லாரும் கலந்து ஓட்டுகிறார்களாம், ஒரே ஹெல்மெட்டை எல்லாரும் மாட்டுகிறார்களாம், இது எங்கே போய் முடியும்? ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனிப் பிள்ளைகளும் தீபாவும் மட்டும் இருந்தார்கள் என்று மகள் வந்து சொன்னாள். வடிவுக்கு மணிக்கட்டைவிட அது வலித்தது. தன் ஆசையில் தான் ஏறிய ஒரு மேடு, மகளுக்குப் பேச்சு வந்த இடத்தை மூடிவிடப் போகிறது.

சங்கையா கடைக்கு வந்தது அந்த வாரம்தான். கண்மாய்ப் பாசனத்தில் நிலபுலம் அதிகம் உள்ள குடும்பம் அவருடையது. கண்மாய் விஷயம் எதுவும் அவரைக் கேட்காமல் நடக்காது. கிருஷ்ணப்ரியாவுக்கு இடம் விட்டதும் அவர்தான். ராம்குமார் முக்காலியை இழுத்துப் போட்டார்.

"கை எப்படியிருக்கு தாயி?"

"பரவாயில்லைங்கய்யா."

"சனங்க வந்து பேசுறாக. கண்மாய்க்குள்ள வேணாம்னு சொல்லச் சொல்றாக. நான் அந்தப் புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன், சும்மா மாத்த முடியாது. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா நிறுத்திரலாம். அடிபட்டவ நீ. யாரும் குத்தம் சொல்ல மாட்டாக."

ராம்குமார் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் 'சொல்லிவிடு' என்பது எழுதி ஒட்டியிருந்தது. வடிவு கட்டுப்போட்ட கையை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் விழுந்தது என் ஆசையில. யாரும் ஏறச் சொல்லல. நம்ம ஊர்ல அடுப்படியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்ச பொம்பளைக எத்தனை பேரு? அதுக்காக யாரும் அடுப்படிய மூடிட்டாகளா?"

சங்கையாவின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. ஆனால் அவர் விடவில்லை. "விழுந்தத மட்டும் பேசல தாயி."

"தெரியுங்கய்யா. ஹெல்மெட்டப் பத்தியும் பேசுறாக. மொத வாரம் நானும் தனியா வாங்கிட்டுத்தான் போனேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் விழுந்து கெடக்கையில என் தலையத் தூக்கி மடியில வச்சவுக யாருன்னு கேட்டீகளா? ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைய அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தவுக யாருன்னு? அப்ப 'நீ யாரு, எந்தத் தெரு'ன்னு நான் கேக்கலைங்கய்யா. கேக்கத் தோணல. கை சரியானதும் நான் திரும்பப் போவேன். என் மகளும் போவா. நீங்க நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா எனக்காகன்னு சொல்லாதீக."

வெளியே ஒரு லாரி போனது, தூக்குவாளிகள் கிணுகிணுத்தன. சங்கையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, வாரேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவர் போனபிறகு ராம்குமார் மெதுவாகக் கேட்டார். "திரும்பப் போகணுமா?"

"ஆமா."

இந்தமுறை அவர் 'வேண்டாம்' சொல்லவில்லை. எடுத்து வைத்திருந்த துணியால் ஒரு தாம்பாளத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த தாம்பாளம்.

இரண்டு மூன்று நாள் கழித்து மில் வேன் இறக்கிவிட்ட கையோடு குருவம்மாள் கடைக்கு வந்தாள். அக்காள் மகள் சடங்குக்கு ஒரு சருவச்சட்டி வேண்டும் என்றாள். கையைப் பற்றி விசாரித்தாள். வடிவு எழுந்து, தேர்ந்தெடுத்த சருவச்சட்டியை எடுத்தாள். வழக்கம்போல மேசைமேல் வைக்கப் போனவள் நிறுத்தினாள். கையில் கொடுக்கலாம். ஆனால் வலது கை கட்டில் இருக்கிறது. இடது கையால் கொடுத்தால் அதைவிட அவமரியாதை. சட்டியை வைத்துக்கொண்டு திகைத்து நின்றாள்.

குருவம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும், பழையதும் சேர்த்து.

"எடது கைதான் இருக்குன்னா எடது கையில குடுங்க" என்றாள்.

வடிவு நீட்டினாள். குருவம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"ஒரு மாசம் பொறுத்தா பேரும் வெட்டித் தாரேன்" என்றாள் வடிவு.

"சடங்கு அதுக்கு முந்தியே முடிஞ்சிரும். பரவால்ல, முனீஸ் கல்யாணத்துக்கு வெட்டிக்கிருவோம்." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சங்கையா கண்மாயை மூடவில்லை. மூடப்போவதில்லை என்றும் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய தம்பி பேத்தி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள் வந்து நின்றதும் மற்றவர்கள் தாமாகப் புரிந்துகொண்டார்கள். நின்றுபோன பிள்ளைகளில் பாதிக்குமேல் திரும்பி வந்தார்கள். வராதவர்களும் உண்டு. பஜாரில் வடிவுக்கு நெருக்கமான ஒரு வீட்டில் இன்றைக்கும் பிள்ளையை அனுப்புவதில்லை. வடிவைக் கண்டால் பேசுவார்கள், சைக்கிள் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு முன்போல முழுதாகத் திரும்பவில்லை. பேர் வெட்டும்போது எழுத்துகள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தன. முதலில் அழுகை வந்தது. வாங்க வந்த ஒரு பெண், "இது புது மாடலாக்கா? நல்லா இருக்கே" என்றபிறகு வடிவு அதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் நல்ல மழை. பல வருஷம் கழித்துக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. கரைமேல் ஊரே நின்று பார்த்தது. பிள்ளைகள் பாடுபட்டு இடித்துப் போட்ட மேடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து கலங்கல் தண்ணீருக்குள் போயின. தண்ணீர் வந்ததற்காக யாராவது வருத்தப்பட முடியுமா? கிருஷ்ணப்ரியாவுக்கே சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ம-மழை நல்லதுதான்" என்றாள் தீபா, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆனா எ-எங்க ஓட்டுறது?"

அவள் கேட்டது சங்கையாவைப் பார்த்து. அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தப் பிள்ளை பேசி அவர் கேட்டதில்லை. சொல் முடியும்வரை காத்திருந்துவிட்டு, "நம்ம களத்துல ஓட்டுங்க. தை பொறந்து உளுந்தும் பாசியும் வாரவரைக்கும் சும்மாதான கெடக்கு" என்றார்.

களம் சம்சாரித் தெருவுக்குள் இருந்தது. சிமெண்ட் போட்ட பெரிய களம். காலனி ஆள்கள் அங்கே வேலைக்கு வந்திருக்கிறார்களே தவிர, வேலை இல்லாத நாளில் காலெடுத்து வைத்ததில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை குருவம்மாள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். முனீஸ்வரி நிற்கவில்லை. சைக்கிளோடு நேராகக் களத்துக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி, பலகை வைத்துக் கட்டிய சரிவில் ஏறித் தாண்டினாள். தெருவில் சிலர் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வடிவு தெருமுனைக்கு நடந்து வந்து, "வா, ஒக்காரலாம்" என்று குருவம்மாளைக் கூட்டிப்போய்க் களத்து விளிம்பில் தன்பக்கத்தில் உட்காரவைத்தாள். இரண்டு பேருக்கும் அன்று பேச ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரம் பேச்சு வந்தது.

அம்மாமார் அரைமணி நேரத்தில் இப்போது வடிவு தனி ஆள் இல்லை. குருவம்மாள் பெடல் இல்லாத சைக்கிளில் காலை உந்தி உந்திப் போகிறாள். போகும்போது யாரையாவது திட்டிக்கொண்டே போகிறாள், பெரும்பாலும் சைக்கிளை. வடிவு சின்னச் சரிவில் ஏறுகிறாள். இறங்கும்போது இன்னும் பயம் இருக்கிறது. பிரேக்கை மெதுவாகப் பிடிக்கப் பழகியிருக்கிறாள். தீபா பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். பேசுவதற்கில்லை, சைக்கிள் ஓட்டிக் காட்டுவதற்கு. ஆனால் மேடையேறித் தன் பேரைத் தானே சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. வகுப்பு முடிந்ததும், பழுது பார்க்க அனுப்ப வேண்டிய ஒரு சைக்கிளைத் தங்கள் கடையில் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. தள்ளிக்கொண்டு போகலாம் என்றுதான் வடிவு கிளம்பினாள். தெருவைத் தாண்டி ரோட்டோரத்துக்கு வந்ததும், வெயில் இன்னும் ஏறாத ரோடு காலியாகக் கிடந்தது. ஏறி உட்கார்ந்தாள். மண் பாதையை ஒட்டியே மிதித்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. ஹேண்டில் ஆடியது, ஆனால் விழவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்தான். பார்க்கட்டும் என்று அவள் நினைக்கக்கூட இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த ஒரே யோசனை, கடை வருகிறதே, எங்கே நிறுத்துவது என்பதுதான்.

கடை வாசலில் ராம்குமார் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, வாளியைக் கையில் பிடித்தபடியே நின்றார். வடிவு பிரேக்கை மெதுவாக, ரொம்ப மெதுவாகப் பிடித்தாள். சைக்கிள் அவரைத் தாண்டி, பக்கத்து உரக்கடையைத் தாண்டி, டீக்கடை பெஞ்சுக்குக் கிட்டப் போய்த்தான் நின்றது. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ராம்குமார் அங்கிருந்தே, பஜாருக்கே கேட்கிற குரலில் கேட்டார்:

"கடை இங்கல்லா இருக்கு, எங்க போற?"

"வாரேன், வாரேன்" என்றாள் வடிவு. இறங்கவில்லை. சைக்கிளை அப்படியே திருப்பினாள்.